தமிழைத் திறந்தால் சென்ட் குறி வந்த காலம்

'தமிழ்' என்ற சொல்லை ஒரு பழைய கோப்பில் யாரோ தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த திஸ்கி என்ற குறியீட்டு முறையில் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய எழுத்துரு இல்லாத ஒரு மடிக்கணினியில் அதைத் திறந்தால் முதலில் கணிதப் பாடத்தில் வரும் முக்கால் குறி தெரியும். அடுத்து, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ. அதன் பக்கத்தில் அமெரிக்க சென்ட் குறி. கடைசியில், அதே போல் தலையில் கோடு போட்ட யூ. முக்கால், ஏ, சென்ட், யூ. நம் மொழியின் பெயர் அவ்வளவுதான்.

இன்று கைத்தொலைபேசியில் தமிழில் தட்டி அனுப்பினால், கிள்ளானில் இருப்பவருக்கும் கனடாவில் இருப்பவருக்கும் ஒரே எழுத்துதான் தெரிகிறது. இது தானாக நடந்ததில்லை. சிலர் உட்கார்ந்து பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கணினிப் பொறியியலாளர் அல்லர். சிறுகதை எழுதிய தமிழாசிரியர். பெயர் நா. கோவிந்தசாமி. இலக்கிய வட்டத்தில் நா.கோ.

அவர் சிங்கப்பூர்க்காரர். பிறந்தது 1946 ஏப்ரல் 18. அதற்குப் பதினேழு நாள் முன்புதான், ஏப்ரல் 1 அன்று, மலாயன் யூனியன் உருவாகி, சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாகப் பிரிக்கப்பட்டது. பிறகு 1963இல் சேர்ந்து 1965இல் மறுபடி பிரிந்த கதை நமக்கு வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம். அதனால் நம் பக்கத்துக் கதையாகவே இவருடைய வாழ்க்கையைப் படிக்கலாம்.

நா.கோ. ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே கதைகள் எழுதினார். எழுதுவதோடு நிற்கவில்லை. 1977இல் இலக்கியக் களம் என்ற அமைப்பைத் தொடங்கி, உள்ளூர்க் கதைகளை விவாதிக்கவும் விமர்சிக்கவும் ஓர் இடம் உண்டாக்கினார். ஒருவர் கதையை மற்றவர் பாராட்டிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவது நம் கூட்டங்களில் வழக்கம். கதையில் என்ன குறை என்று கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்று நினைத்தவர் எத்தனை பேரின் முகச்சுளிப்பைச் சம்பாதித்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. 1994இல் அவருக்குத் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது கிடைத்தது.

அவர் செய்த ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தமிழின் முதல் சிறுகதை எது என்று கேட்டால், வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' என்று நாம் தேர்வில் எழுதுவோம். அது 1915ஆம் ஆண்டுக் கதை. நா.கோ. பழைய சிங்கப்பூர் இதழ்களைப் புரட்டி, 'சிங்கை நேசன்' வார இதழில் 1888இல் வந்த 'வினோத சம்பாஷணை' என்ற படைப்பைக் கண்டெடுத்தார். எழுதியவர் அந்த இதழின் ஆசிரியர் மகதூம் சாயபு. அதுதான் முதல் தமிழ்ச் சிறுகதை என்பது நா.கோ.வின் முடிவு. அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை. சிறுகதையின் இலக்கணத்துக்குள் அது அடங்குமா என்ற வாதம் உண்டு. பல பத்தாண்டுகள் கடந்த ஒரு தாள் அவர் கைக்கு வந்தபோது, அதிலிருந்த தமிழை அவரால் வாசிக்க முடிந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு மை முக்காலாகவும் சென்ட்டாகவும் மாறவில்லை.

பின்னர் அவர் ஆசிரியர் பயிற்சித் துறைக்குப் போனார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினி அவரைப் பிடித்துக்கொண்ட காலம் அது.

அக்காலக் கணினிகளின் புத்திசாலித்தனத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். விசைப்பலகையின் கம்பி கழன்றிருந்தால் சில கணினிகள் ஒரு பிழைச் செய்தி காட்டும்: விசைப்பலகையைக் காணவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். இல்லாத விசைப்பலகையில் எந்த எஃப்1? கணினி அறிவியல் மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி இது. தமிழுக்கு அன்று நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். தமிழில் தட்டச்சு செய்யக் கணினியில் தமிழ் இருக்க வேண்டும். தமிழ் இருக்க வேண்டுமானால் யாராவது அதை உள்ளே வைத்திருக்க வேண்டும்.

உள்ளே வைப்பது எப்படி? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலத்துக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் 128 எண்களை முன்பே ஒதுக்கிவிட்டார்கள். ஒரு பைட்டில் மொத்தம் 256 இடம். மீதி 128. நம்மிடமோ 247 எழுத்துகள், கிரந்தம் தனி. எனவே எழுத்துகளை வெட்ட வேண்டியதாயிற்று. கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, சுழி ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டு 'கொ' என்றால் மூன்று துண்டுகளை ஒட்டினார்கள்.

வெட்டியதில் சிக்கல் இல்லை. யார் வெட்டியது எந்த இடத்தில் என்பதில்தான் சிக்கல். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். சிங்கப்பூரில் நா.கோ. கணியன் என்ற பெயரில் எழுத்துருவும் விசைப்பலகையும் கொண்ட தம் மென்பொருளை உருவாக்கினார். சென்னையில் வேறு சிலர், இலங்கையில் வேறு சிலர். ஒவ்வோர் எழுத்துருவிலும் ஒவ்வோர் எண் வரிசை. ஒருவர் 'அம்மா' என்று அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாதவருக்கு வேறெதுவோ தெரியும். கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினார்கள். அலுத்துப்போனவர்கள் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டினார்கள். அந்தப் பழக்கம் நம் புலனக் குழுக்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வேடிக்கையான கோளாறுகளும் நிறைய. திஸ்கியில் முதலில் 'இ' எழுத்துக்குக் கொடுத்த எண், சொல்லை வரி முடிவில் உடைக்கும் இணைப்புக்கோட்டுக்கு உலக அளவில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோடு தேவைப்படாத இடத்தில் மறைந்துவிடும். சில மென்பொருள்களில் 'இ'யும் கூடவே மறைந்தது. இணையம் 'ணையம்' ஆனது. இட்லி 'ட்லி' ஆனது. பிறகு 'இ'யை வேறு எண்ணுக்கு இடம் மாற்றினார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் போன ஆண்டு எங்கள் வட்டாரத்துக் கோயிலில் என்னிடம் ஒரு பழைய வட்டைக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளான் அருகே ஒரு சிறிய கோயில். 1998இல் ஆண்டு மலர் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் தங்கள் அனுபவங்களைச் சொல்லியிருக்கிறார்கள்: பால் மரம் வெட்டியது, கோயிலுக்குச் செங்கல் சுமந்தது, எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பது. சொன்னவர்களில் அநேகமாக யாரும் இப்போது இல்லை. அச்சுப் பிரதிகள் 2021 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டன. கோப்பு மட்டும் மிஞ்சியது. திறந்தால் பக்கம் பக்கமாகப் பவுண்டுக் குறியும் தலைக்கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும்தான். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று செயலாளர் அங்கிளுக்குத் தெரியவில்லை. தட்டிக்கொடுத்த அக்கா எங்கிருக்கிறார் என்றும் தெரியவில்லை. அந்த மலரை எப்படி மீட்பது என்று தேடிப் படிக்கப் போய்த்தான் நா.கோ.வின் பெயர் எனக்குத் தெரியவந்தது.

1995க்கு வருவோம். அந்த ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தாங்கிய ஓர் இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரும் நா.கோ.வும் சேர்ந்து செய்த வேலை அது. இணையத்தில் தமிழ் தன் எழுத்திலேயே தோன்றிய முதல் முயற்சிகளில் ஒன்று. தமிழுக்கு இடம் கிடைத்ததற்கு, அது அங்கே அதிகாரத்துவ மொழி என்பது ஒரு காரணம். தொழில்நுட்பக் குழு கேட்ட நேரத்தில் தமிழ்ப் பகுதியைச் செய்து முடிக்க ஓர் ஆசிரியர் தயாராக இருந்தார் என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. நமக்கும் உரிமை இருக்கிறது என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். எண் வரிசை போட ஆள் கிடைப்பது அரிது.

அதோடு அவர் நின்றிருக்கலாம். கணியனே சிறந்தது, எல்லாரும் இதையே பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்ற கருத்தரங்கை அவர் முன்னின்று நடத்தினார். வெவ்வேறு நாடுகளிலிருந்து, வெவ்வேறு எழுத்துருக்களோடு வந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். பொதுவான குறியீடு எது, பொதுவான விசைப்பலகை எது என்பதே பேச்சு. ஒவ்வொருவருக்கும் சொந்த மென்பொருள் இருந்த நிலையில் பொதுவான ஒன்றைப் பேசுவது எளிதன்று. உடனே தீர்வு கிடைக்கவும் இல்லை. ஆனால் தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை அங்கிருந்துதான் தொடங்கியது.

அடுத்தது சென்னை. 1999 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு தமிழ்நெட் 99 மாநாட்டை நடத்தியது. அங்கே நடந்த விவாதங்களின் முடிவாக அந்த ஆண்டு ஜூன் மாதம் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீடுகளும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில் வரும் அந்த விசைப்பலகை இன்றும் கைத்தொலைபேசிகளில் இருக்கிறது.

அந்த அறிவிப்பு வந்தபோது நா.கோ. உயிரோடு இல்லை. 1999 மே 26 அன்று இறந்துவிட்டார். வயது 53.

அடுத்த ஆண்டு விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடைத் தாங்கி வந்தது. எல்லா மொழிக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது. கணினிகள் அதைக் காட்டத் தொடங்கியதுதான் தாமதம். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூருக்கு வந்தது.

அவரைத் தமிழ் இணையத்தின் தந்தை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் ஒரு சின்னத் தயக்கம். பல நாடுகளில் பலர் சம்பளம் இல்லாமல் இரவுகளில் உட்கார்ந்து செய்த வேலை இது. ஒருவரைத் தந்தையாக்கினால் மற்றவர்களை எந்த உறவு சொல்லி அழைப்பது? நா.கோ.வின் சிறப்பாக எனக்குப் படுவது வேறு. கதை எழுதி விருது வாங்கிய ஒருவர், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் கொம்புக்கும் காலுக்கும் எண் கொடுக்கும் வேலையில் இறங்கினார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதியிருக்கக்கூடிய கதைகள் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிட்டதா என்றால், பொங்கல் நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமோ நடந்து பதாகைகளைப் படித்துப் பாருங்கள். யூனிகோடில் 'பொ' என்றால் முதலில் 'ப', பிறகு 'ஒ'கரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. பதாகை வடிவமைக்கும் மென்பொருளில் அந்த அமைப்பு முடுக்கப்படவில்லை என்றால் 'ப' தனியே நிற்கும்; பக்கத்தில் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. வாங்கிப்போகும் நம்மவர் அவசரத்தில் பார்ப்பதில்லை. எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பதாகைக் கோப்பை எழுத்தாக அனுப்பாமல், வடிவமைத்து முடித்த படமாக அனுப்புவது, அச்சுக்கு முன் ஒருவர் போய்ப் பார்ப்பது.

கோயில் மலருக்கு நாங்கள் செய்வதும் பழைய முறைதான். தேடியதில் ஒரு வீட்டில் கிழிந்த அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தது. முதல் 12 பக்கங்கள் மட்டும். அதைக் கோப்போடு வரி வரியாக ஒப்பிட்டு, எந்தக் குறி எந்த எழுத்துத் துண்டு என்று நானும் இரண்டு நண்பர்களும் ஓர் அட்டவணை தயாரித்தோம். பிறகு நண்பர் ஒருவர் அதைக் கொண்டு ஒரு சிறிய நிரல் எழுதினார். இப்போது பெரும்பாலான வரிகள் யூனிகோடில் வாசிக்க வருகின்றன. ஐந்து குறிகள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவற்றில் ஒன்று ஒரு பாட்டி தாம் வந்த கப்பலின் பெயரைச் சொல்லும் இடத்தில் இரண்டு முறை வருகிறது. கிரந்த எழுத்தாக இருக்கும் என்று நினைக்கிறோம்.