யார் இந்த ஜான் பிரவுனிங்? 'பாயின்ட் 32' தோட்டா துப்பாக்கியில் சிக்கிக்கொள்வது ஏன்?

தேர்தல் தேதி அறிவித்ததும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையங்களுக்கு ஒரு கூடுதல் வேலை வந்துவிடும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். நாடு முழுக்க இதே நடைமுறைதான். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர் என்றால் நீளமான தோட்டாத் துப்பாக்கி. தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்கியவர் என்றால், அநேகமாக அது பாயின்ட் 32.

ஏன் எல்லாரிடமும் 32? காரணம் சட்டம். 9 மி.மீ., .38, .45 போன்ற கைத்துப்பாக்கி ரகங்கள் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பொதுமக்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது .32-தான். கான்பூரில் தயாராகும் ரிவால்வரும் இந்த ரகம், இஷாப்பூரில் தயாராகும் 'அஷானி' பிஸ்டலும் இந்த ரகம்.

அந்தப் பிஸ்டலில் போடும் தோட்டாவின் வடிவம் 1899-ல் வந்தது. வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். பிரவுனிங் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால், அவருடைய தோட்டாவில் ஒரு சின்னச் சிக்கல் இருப்பது அதை வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பழைய இரும்பில் தொடங்கிய கதை

1855 ஜனவரி 23, அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் என்ற சிறிய ஊர். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்பவர், ரிப்பேரும் பார்ப்பார். மார்மன் மதப் பிரிவைச் சேர்ந்த அவருக்கு மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். ஜான் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடப் பட்டறையில் கற்றதுதான் அதிகம். பத்து வயதுவாக்கிலேயே பட்டறையில் கிடந்த உதிரிகளை வைத்து ஒரு துப்பாக்கி செய்துவிட்டார்.

1879-ல் முதல் காப்புரிமை. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் ரைஃபிள் அது. தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனில் கையாலேயே செய்து விற்றார். அப்படி விற்ற ஒரு துப்பாக்கி வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட, 1883-ல் அதன் நிர்வாகி டி.ஜி.பென்னட் ரயில் ஏறி நேரில் வந்தார். 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிப் போனார். அடுத்த 19 வருடங்கள் பிரவுனிங் வரைந்து அனுப்புவதையெல்லாம் வின்செஸ்டர் மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டே இருந்தது. பலவற்றைத் தயாரிக்கவே இல்லை. போட்டி நிறுவனம் கைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்!

1889-ல் ஒருநாள் சுடும் இடத்தில், குழலிலிருந்து சீறிவந்த வாயு பக்கத்திலிருந்த புல்லைச் சாய்ப்பதைக் கவனித்தார். வீணாகப் போகும் இந்த விசையே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன? தானியங்கித் துப்பாக்கிகள் பக்கம் அவர் திரும்பியது அதிலிருந்துதான்.

1902-ல் தனது தானியங்கி ஷாட்கன்னுக்கு ராயல்டி கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. கோபத்தோடு ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போனார். தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்கக் காத்திருந்த அன்றைக்கே ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். பிரவுனிங் கப்பல் ஏறி பெல்ஜியம் போய்விட்டார். அங்கே லியேஜ் நகருக்குப் பக்கத்திலுள்ள எஃப்.என். தொழிற்சாலையோடு அவருக்கு 1897 முதலே ஒப்பந்தம் உண்டு. .32 பிஸ்டலும் அதன் தோட்டாவும் வந்தது அந்த உறவில்தான். பிரெஞ்சு மொழியில் பிரவுனிங் என்றாலே பிஸ்டல் என்று ஆகிப்போனது, நமக்கு நகல் எடுப்பது ஜெராக்ஸ் ஆனமாதிரி.

அந்தக் கால் மில்லிமீட்டர்

ரிவால்வர் தோட்டாவைப் பார்த்திருந்தால் தெரியும், பித்தளைக் கூட்டின் அடிப்பக்கம் தட்டு மாதிரி விரிந்திருக்கும். அந்த விளிம்புதான் தோட்டாவை அறைக்குள் வழுக்கி விழாமல் நிறுத்துகிறது. ஆனால் பிஸ்டல் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அகல விளிம்பு அங்கே இடைஞ்சல். விளிம்பையே எடுத்துவிட்டால்? தோட்டா கூட்டின் வாய்ப்பக்கத்தை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கூட்டின் நீளமும், ஒவ்வொரு அறையின் ஆழமும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும்.

பிரவுனிங் நடுவழி ஒன்றைப் பிடித்தார். விளிம்பை முழுக்க எடுக்காமல், பக்கத்துக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டவிட்டார். தோட்டா நிற்கவும் செய்யும், மேகசினில் அடங்கவும் செய்யும். 1899-ல் இது நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே என்றால், மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். மேலே இருப்பது கொஞ்சம் பின்வாங்கிக் கீழ் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் போச்சு. நெரிசலான பஸ்ஸில் இறங்கப் போகிறவரின் பை வார் இன்னொருவர் பையில் மாட்டிக்கொண்ட கதைதான். ஸ்லைடு முன்னால் தள்ளும், கீழே இருப்பது விடாது. மற்ற ஜாம்களை மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்துவிட்டுச் சரிசெய்யலாம். இது அப்படிச் சரியாகாது. மேகசினையே கழற்ற வேண்டும். உயிருக்காகத் துப்பாக்கியை எடுத்தவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

பிரவுனிங் மனதில் வைத்திருந்த நீளத்தில் தோட்டா இருந்தால் இது அபூர்வம். முனையில் குழி உள்ள புதுவகைக் குண்டுகள் கொஞ்சம் குட்டை. மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடும். ஆட்டம்தான் எதிரி. பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. ரிவால்வரின் .32 வேறு, பிஸ்டலின் .32 வேறு. கூட்டின் நீளம், விளிம்பு எதுவும் ஒன்றல்ல. லைசென்ஸ் வைத்திருப்பவர் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் வீட்டுக்கு வருவது பயன்படாத தோட்டாவாக இருக்கலாம்.

அவருக்கே தெரிந்திருந்தது

நடுவழியிலேயே அவர் நின்றுவிடவில்லை. பிறகு வந்த .45, 1908-ல் வந்த .380 இரண்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பே கிடையாது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் அவருடைய .45 பிஸ்டலை 6,000 முறை சுட்டுப் பார்த்தது. சூடேறினால் தண்ணீரில் முக்கிவிட்டு மறுபடி சுட்டார்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. போட்டியாக வந்த சாவேஜ் பிஸ்டலுக்கு 37 கோளாறுகள்.

அதே 1911, ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பயன்பட்டது பெல்ஜியத் தயாரிப்பு பிரவுனிங். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதற்கு முந்தைய வருடம்வரை அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. மூன்று வருடம் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் எஃப்.என். பிரவுனிங்தான், .380 ரகம். உலகப் போரில் முடிந்தது. அந்தப் போருக்கும் இயந்திரத் துப்பாக்கிகள் வடிவமைத்துக் கொடுத்தவர் பிரவுனிங். ராயல்டியாக வந்திருக்கக்கூடிய கோடிகளை விட்டுவிட்டு, அமெரிக்க அரசு தந்த 7.5 லட்சம் டாலரோடு நிறுத்திக்கொண்டார். அவரைத் தேசபக்தர் என்று புகழ்பவர்கள் சொல்லும் கதை இது. அந்தத் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றவர்களுக்கு அவர் யாராகத் தெரிந்திருப்பார் என்பது வேறு கதை.

விட்டுப்போன விளிம்பு பின்னாளில் போட்டிகளிலும் வந்து நின்றது. அவருடைய 1900-ம் வருட .38 தோட்டாக் கூட்டிலேயே கூடுதல் மருந்தடைத்து, 1929-ல் கோல்ட் நிறுவனம் .38 சூப்பர் என்று விற்றது. ஓடிக்கொண்டே சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் 1980-களில் அதற்குக் கிராக்கி. வேகம் அதிகம், .45-ஐவிட மேகசினில் நிறையப் பிடிக்கும். ஆனால், இரட்டை வரிசை மேகசினில் அந்தச் சின்ன விளிம்பு உரசி மக்கர் பண்ணியது. விளிம்பைச் சீவிய 'சூப்பர் காம்ப்' கூடு வந்தது. அதில் புதுத் தலைவலி. போட்டியாளர்கள் சுட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கி மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள். தரையில் கிடக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்காகச் சரிசெய்த கொக்கி மற்றொன்றின் விளிம்பைச் சரியாகப் பிடிக்காது. கூடு வெளியே வராது. நொடிக் கணக்கில் ஜெயிக்கும் போட்டியில் அந்த ரவுண்டு அம்பேல். இதனால்தான் பலர் சுடுவதற்கு முதல்நாள் ஒவ்வொரு தோட்டாவையும் அளவுக் கட்டையில் போட்டுப் பார்க்கிறார்கள்.

பிரவுனிங் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1926 நவம்பர் 26, பெல்ஜியத் தொழிற்சாலையில், மகன் வாலின் அறையில் மாரடைப்பு. வயது 71. பேரில் 128 காப்புரிமைகள். மேசையில் முடியாத ஒரு பிஸ்டல் இருந்தது. சக வடிவமைப்பாளர் டியூடோனே சைவ் அதை முடித்து, 1935-ல் 'ஹை பவர்' என்ற பெயரில் வந்தது. விளிம்பு நீட்டாத 9 மி.மீ. தோட்டா, இரட்டை வரிசை மேகசின். இந்திய ராணுவம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் பிஸ்டல் அதுதான். ராஜபாளையத்தில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிப்பவருக்கு அந்த 9 மி.மீ. கிடைக்காது, 1899-ன் .32 கிடைக்கும்.