பதவியை அமானிதமாகக் கொண்ட காயிதெ மில்லத்



சேலையூரிலிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்வீர்களாயின் மேடவாக்கத்தில் காயிதெ மில்லத் பெயர் தாங்கிய கல்லூரியைக் காண்பீர்கள். தாம்பரத்திற்குச் சென்று மின்சார ரயிலில் ஏறினாலோ இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற அவ்வூரில்தான் அப்பெருந்தகை எளிய இல்லமொன்றில் வாழ்ந்தார். அவருடைய பெயரை நாள்தோறும் உச்சரிக்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவரது வாழ்வை அறிவர்? இந்த வெள்ளிக்கிழமை சற்றே அமர்ந்து அதனை அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

திருநெல்வேலிப் பேட்டையில் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் முகம்மது இஸ்மாயில் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்க அறிஞர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அப்பிள்ளையைத் தாயார் முகைதீன் பாத்திமா அம்மையார் வளர்த்தார். மார்க்கக் கல்வியின் முதற்பாடங்களும் அன்னையின் மடியிலேயே கிடைத்தன. அநாதையாய் வளர்ந்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், தந்தையில்லாப் பிள்ளையை இறைவன் எவ்விதம் உயர்த்துவான் என்பதை அறியாதவர்கள் அல்லர்.

பதின்மூன்றாம் வயதிலேயே, 1909இல், தம் ஊரில் முஸ்லிம் இளைஞர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கல்லூரிப் படிப்பு நிறைவுறும் தறுவாயில் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தது. பட்டம் பெற்றால் நல்ல உத்தியோகம் கிட்டும் காலம் அது. எனினும் அவர் தேர்வைத் துறந்து தேசப்பணியை ஏற்றார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டுத் தம் உழைப்பால் உயர்ந்தார்.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டே நாடு விடுதலை பெற்றது. நாடு பிரிந்தும் போயிற்று.

அந்நாளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலைவர்கள் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். இங்கேயே பிறந்து இங்கேயே மடிய விரும்பிய கோடிக்கணக்கான முஸ்லிம்கள் அஞ்சி ஒடுங்கி நின்றனர். லீக்கைக் கலைத்துவிடுவதே நல்லது என்று வற்புறுத்தியோர் பலர். அவ்வேளையில், 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை மாளிகையில் கூட்டம் கூடியது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. அதன் தலைமைப் பொறுப்பு இஸ்மாயில் சாகிபின் தோளில் ஏறியது. நாட்டிற்கு விசுவாசமாக இருப்பதும் சமுதாயத்தின் குரலை ஒலிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவரது துணிபு. அதனை வாயால் மட்டும் அவர் சொல்லவில்லை. எஞ்சிய இருபத்து நான்கு ஆண்டுகளும் வாழ்ந்தே காட்டினார்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய பணியை மறத்தலாகாது. எந்தச் சமூகத்தாரும் தம் சொந்தச் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று 1948 நவம்பரில் திருத்தம் கொணர்ந்தார். ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில், தொன்மையே அளவுகோலாயின் தமிழ் முன்னிற்கும் என்பதை வடபுலத்தார் நிறைந்த அவையில் எடுத்துரைத்தார். அவரது திருத்தத்தைச் சபை ஏற்கவில்லை. ஆயினும் அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. அதே அரசியல் சட்டத்தின் கீழ் மக்களிடம் சென்று, வாக்குக் கேட்டு, மீண்டும் மீண்டும் சபைக்கு வந்தார். தோல்வியைக் கண்ணியத்துடன் தாங்குவதும் ஈமானின் அழகன்றோ!

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார். பின்னர் கேரளத்து மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவரையே மக்களவைக்கு அனுப்பினர். திருநெல்வேலித் தமிழரை மலையாள மண் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட விந்தை இது. 1962இல் சீனப் போர் மூண்டபோது, தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்பவும் ஆயத்தம் என அறிவித்தார். இவரது தேசபக்தியை ஐயுற்றோர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

1967இல் தமிழகத்தில் அவர் துணைநின்ற கூட்டணி வென்றது. கேரளத்தில் லீக் ஆட்சியிலேயே பங்குபெற்றது. அங்கே லீக்கைச் சார்ந்த சி.எச். முகம்மது கோயா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1968இல், கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியது. மறு ஆண்டு மலப்புரம் மாவட்டம் உருவாயிற்று. கல்வியிலும் பொருளிலும் பின்தங்கிக் கிடந்த மக்களுக்கு இவை பெரும் வாயில்களைத் திறந்தன. இத்துணைச் செல்வாக்கிருந்தும் தலைவர் தமக்கென ஓர் அமைச்சர் நாற்காலியையும் நாடவில்லை. தகுதியுடைய இளையோரை அமர்த்திவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றார். சமுதாய வழிகாட்டி எனப் பொருள்படும் காயிதெ மில்லத் என்னும் பெயர் அவருக்குப் பொருந்தியதன் இரகசியம் இதுவே.

1972 ஏப்ரல் 5ஆம் நாள், 75ஆம் வயதில் வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அண்ணா சாலையில் 1974இல் தொடங்கப்பெற்ற அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாய் ஒருத்தியின் கல்வியால் வளர்ந்தவரின் பெயரில் பெண்கள் கற்கின்றனர் என்பது எத்துணைப் பொருத்தம்!

அன்பர்களே! நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினராய் இல்லாதிருக்கலாம். ஆயினும் ஜமாஅத்தின் செயலாளராகவோ, மதரஸாவின் பொருளாளராகவோ, ஒரு குடும்பத்தின் தலைவராகவோ இருக்கின்றீர்கள். பதவி சிறிதாயினும் பெரிதாயினும் அது நம் சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. நாற்காலியைக் கண்டதும் நம் கை அதனைப் பற்றுகிறதா, அன்றி அதில் அமரத் தகுந்தவரைத் தேடுகிறதா என்று இன்றிரவு உங்கள் உள்ளத்தையே கேட்டுப் பாருங்கள்.

அல்லாஹ் அப்பெரியாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! அவர் காட்டிய கண்ணியத்தை நமக்கும் நல்குவானாக! ஆமீன்.