நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்குப் புத்தகம்

மிஸ் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் என்றதும், கையில் விளக்கேந்திக் கட்டில்தோறும் சென்ற ஒரு கருணை வடிவமே நம்மவர் மனக்கண்முன் தோன்றுகிறது. பள்ளிப் புத்தகங்கள் தந்த சித்திரம் அது. பொய்யன்று; ஆயினும் பாதியே மெய். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் எதனால் மாண்டனர் என்று கேட்டுக் கேட்டு மந்திரிகளின் உறக்கத்தைக் கெடுத்த அம்மையாரையே நாம் இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி இத்தாலியில் பிளாரென்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே குழந்தைக்கும் பெயராயிற்று. செல்வக் குடும்பம்; தாதித் தொழிலோ அந்நாளில் இழிதொழில். வீட்டாரின் தடையை மீறி ஜெர்மனியில் பயின்ற அவர், 1854 நவம்பரில், கிரிமியா யுத்தத்தின்போது, 38 தாதிமாருடன் துருக்கியிலுள்ள ஸ்குடாரி ஆஸ்பத்திரியை அடைந்தார். துணி வெளுப்பித்தார், நல்லுணவு வரவழைத்தார், இராக்காலங்களில் விழித்திருந்தார். இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கு நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்குமேல் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து சுகாதாரக் கமிஷனர்கள் வந்து, கட்டிடத்தின் அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தி செய்து, காற்றுக்கு வழி திறந்தனர். ஜூன் மாதத்தில் அவ்வெண் நூற்றுக்கு இரண்டளவாக இறங்கிற்று.

இதன் முழுப்பொருள் அம்மையாருக்கு விளங்கியது யுத்தம் முடிந்து தாயகம் திரும்பிய பிறகுதான். வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர நிபுணருடன் அமர்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, குண்டு பட்டு இறந்தவரைவிட ஆஸ்பத்திரியில் நோய் பற்றி இறந்தவரே மிகப் பலர் எனத் தெரிந்தது. தாம் விளக்கேந்தி நடந்த அதே கூடங்களே எமனாக இருந்தன! உலகம் புகழ்மாலை சூட்டிக்கொண்டிருந்த வேளையில் இந்த உண்மையை மறைத்துவிடுவது எளிது. அவர் மறைக்கவில்லை. வட்டப் படமாக வரைந்து சர்க்காரின் முன் வைத்தார்.

பிறகு அவர் பார்வை நம் நாட்டின்மேல் விழுந்தது. 1859-ல் இந்திய ராணுவத்தின் சுகாதாரம் பற்றி ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையத்துக்கும் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நெருக்கம் என்றெல்லாம் விசாரிக்கச் செய்தார். 1863-ல் வெளிவந்த அறிக்கையின்படி, வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிந்து வந்தனர். கணக்கெடுக்கப்பட்டவர் வெள்ளையர், செலவுக்குப் பணம் கொடுத்தவரோ நம் குடியானவர். இதை நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆனால் பக்கத்துக் கிராமம் நாறிக் கிடக்கப் பாளையம் மட்டும் சுத்தமாயிருக்க முடியாது என்பதை அம்மையார் விரைவிலேயே கண்டுகொண்டார். அதன்பின் அவர் பேனா நீர்ப்பாசனத்துக்காகவும், 1876 முதல் 1878 வரை நம் மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் மடிந்தவர்களுக்காகவும் ஓடிற்று. ரிப்பன் பிரபுவின் ஸ்தல சுயாட்சித் திட்டத்தை ஆதரித்தார். காங்கிரஸின் நண்பர் வெட்டர்பர்ன் இவருக்கும் நண்பரே. இத்தனைக்கும் இந்திய மண்ணை அவர் மிதித்ததே இல்லை.

லண்டனில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில், மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க அவர் பெயரால் திரட்டிய நிதியைக் கொண்டு ஒரு பிரசவ வார்டு நடந்தது. அங்கே தாய்மார் பிரசவ ஜுரத்தால் இறக்கலாயினர். 1867-ல் வார்டு மூடப்பட்டது. அத்துடன் விடாமல், மற்றப் பிரசவ ஆஸ்பத்திரிகளின் கணக்குகளையும் திரட்டி 1871-ல் நூலாக வெளியிட்டார். வீட்டில் பெறும் பெண்களைவிட ஆஸ்பத்திரியில் பெறும் பெண்களே அதிகமாக இறப்பதை அது காட்டிற்று. பிணச்சோதனை செய்த கையுடன் பிரசவம் பார்ப்பதே காரணம் என வியன்னாவில் ஸெம்மல்வைஸ் 1847-லேயே கண்டு, குளோரின் நீரில் கை கழுவச் செய்து சாவைக் குறைத்திருந்தார். அவரைக் கேட்பார் அன்று இல்லை. நம் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி தோன்றியது 1844-ல் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

கிருமி என்னும் கொள்கையை அம்மையார் நெடுநாள் ஏற்கவில்லை. கெட்ட காற்றையே பழித்தார். ஆயினும் முதுமையில், கிருமிகளின் படங்களை விளக்குப்படமாக இந்தியக் கிராமத்தாருக்குக் காட்ட வேண்டும் என்று எழுதும் அளவுக்கு மனம் மாறினார்.

இன்று உபாயம் எளிது. அகர் என்னும் கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டை ஆபரேஷன் அறையில் சிறிது நேரம் திறந்து வைத்து, மூடி, 37 டிகிரி உஷ்ணத்தில் ஓரிரு நாள் வைத்தால், காற்றிலிருந்து விழுந்த கிருமிகள் புள்ளி புள்ளியாகப் பெருகி எண்ணத்தக்கனவாகின்றன. கட்டில் விளிம்பையும் கதவுப் பிடியையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தும் இவ்வாறே அறியலாம். அம்மையார் காலத்தில் இக்கணக்கை இடுகாட்டில்தான் எண்ணவேண்டியிருந்தது. ஓரிக்கையிலிருந்து பிள்ளைப்பேற்றுக்காகக் காஞ்சிக்கு வண்டியேறும் பெண்ணுக்கு, தான் படுக்கப்போகும் அறையின் தட்டில் எத்தனை புள்ளிகள் என்று கேட்க உரிமை உண்டு. எந்த ஆஸ்பத்திரியானாலும் அந்த எண் பீரோவில் பூட்டி வைப்பதற்கன்று, வாயிற்பலகையில் எழுதுவதற்கே என்பது நம் கருத்து. ஸ்தல ஸ்தாபனங்களில் உள்ள நம் ஊழியர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கண்பார்வை மங்கிய நிலையில், 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் அம்மையார் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யச் சர்க்கார் முன்வந்தும் குடும்பத்தார் இணங்கவில்லை. கிராமத்துக் கோவில் முற்றத்திலுள்ள அவர் கல்லறையில் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களும் பிறந்து இறந்த காலமும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.