ரிக்கிடோசான்: ஆசிய டேக் டீம் பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு மறைக்கப்பட்ட பெயர்

பள்ளிக்கூடத்தில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறையா நீங்கள்? அப்போ டேக் டீம் போட்டி பற்றிப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ரிங்குக்குள் ஒருத்தர் அடி வாங்கிக்கொண்டிருப்பார். அவருடைய ஜோடி மூலையில் கயிற்றைப் பிடித்தபடி கையை நீட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர் எப்படியாவது தவழ்ந்து வந்து அந்தக் கையைத் தொட்டுவிட்டால், அடுத்தவர் உள்ளே பாய்வார். அரங்கம் அதிரும்.

ஜப்பானில் 1955-ல் தொடங்கி இன்றும் நடக்கும் ஒரு டேக் டீம் பட்டம் இருக்கிறது. பெயர் 'ஆல் ஏஷியா'. அதை முதலில் வென்ற ஜோடியில் ஒருவர் இந்தியர். அந்தப் பட்டம் உருவாகக் காரணமானவர் ரிக்கிடோசான். ஜப்பானின் தேசிய நாயகனாகக் கொண்டாடப்பட்ட அவர் பிறந்தது ஜப்பானில் இல்லை. கோடிக்கணக்கான ரசிகர்களில் பெரும்பாலானோருக்கு அது கடைசி வரை தெரியவும் இல்லை.

யார் இவர்? ஏன் மறைத்தார்? ஒரு டேக் டீம் பெல்ட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கொரியாவிலிருந்து சுமோ வளையத்துக்கு

இயற்பெயர் கிம் சின்-ராக். 1924-ல் தெற்கு ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தவர். இன்று வட கொரியாவில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது ஜப்பானின் காலனி. 1910 முதல் 1945 வரை கொரியா முழுவதுமே ஜப்பானின் பிடியில்தான் இருந்தது.

பதின்வயதில் ஜப்பானுக்கு வந்து, 1940-ல் நிஷோனோசெகி என்ற சுமோ பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். ரிக்கிடோசான் என்பது அங்கே கிடைத்த சுமோ பெயர். படிப்படியாக முன்னேறி 'செகிவாகே' நிலையை எட்டினார். சுமோவின் தரவரிசையில் அது மேலிருந்து மூன்றாவது படி. அதற்கு மேல் இரண்டே படிகள்தான் பாக்கி. ஆனால் 1950-ல் திடீரென்று தன் குடுமியைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறினார். கூடத்தின் தலைவரோடு பணத் தகராறு, உடல்நலக் குறைவு, கொரியர் என்பதால் சந்தித்த பாகுபாடு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன.

அதன் பிறகு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. 1951-ல் அமெரிக்க மல்யுத்த வீரர்கள் சிலர் டோக்கியோவுக்கு வந்தபோதுதான் அவருக்கு அடுத்த கதவு திறந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் முதல் தொழில்முறைப் போட்டியில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஹவாய்க்குப் போய் முறையாகப் பயிற்சி எடுத்தார்.

1952: ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள்

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள்: 1952 ஏப்ரல் 28. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானை ஆண்ட அமெரிக்க ராணுவ ஆட்சி முடிவுக்கு வந்த நாள். அதே நாளில், ஜப்பானில் வாழ்ந்த சுமார் 6 லட்சம் கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். பல ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்தவர்களும் அங்கேயே பிறந்தவர்களும் ஒரே நாளில் வெளிநாட்டினர் ஆனார்கள்.

ரிக்கிடோசானின் பெயர் அதற்குள் நாகசாகி பகுதியின் ஒமுராவைச் சேர்ந்த மோமோட்டா என்ற குடும்பத்தின் பதிவேட்டில் ஏறியிருந்தது. காகிதத்தில் அவர் மோமோட்டா மிட்சுஹிரோ, ஒமுராவில் பிறந்த ஜப்பானியர். ரசிகர்களுக்குச் சொல்லப்பட்டதும் இந்தக் கதைதான். அந்தக் காகிதம் இல்லையென்றால் பின்னால் வந்த எதுவுமே அவருக்குச் சாத்தியமாகியிருக்காது.

ஒரு டேக் டீம் போட்டி, ஒரு நாடே தெருவில்

1953-ல் ஜப்பானுக்குத் திரும்பிய அவர் சொந்தமாக ஒரு மல்யுத்த அமைப்பைத் தொடங்கினார். சரியான நேரம் அது. அந்த ஆண்டு பிப்ரவரியில் என்.எச்.கே. தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பித்திருந்தது. முதல் நாளில் இருந்த சந்தாதாரர்கள் எத்தனை பேர் தெரியுமா? மொத்தமே 866. டிவி பெட்டியின் விலை சாதாரண ஊழியரின் பல மாதச் சம்பளம். அதனால் நிப்பான் டிவி நிறுவனம் ரயில் நிலைய வாசல்களிலும் சதுக்கங்களிலும் பொது டிவி பெட்டிகளை வைத்தது. பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே கூடிய கதை நமக்கும் புதிதில்லையே.

1954 பிப்ரவரி 19. டோக்கியோவின் குராமாயே அரங்கம். ஒரு பக்கம் ரிக்கிடோசானும் ஜூடோ ஜாம்பவான் மசாஹிகோ கிமுராவும். எதிரே ஆறடியைத் தாண்டிய பென் ஷார்ப், மைக் ஷார்ப் சகோதரர்கள். அவர்கள் கையில் இருந்தது உலக டேக் டீம் பட்டம். உலகம் என்றதும் மயங்க வேண்டாம். அன்றைய அமெரிக்காவில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் 'உலகப் பட்டம்' இருந்தது. தெருவுக்குத் தெரு 'ஒரிஜினல்' என்று போர்டு மாட்டிய அல்வாக் கடை மாதிரி. ஷார்ப் சகோதரர்களுடையது சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் பட்டம்.

கிமுரா அடி வாங்குவார், துவளுவார், கையை நீட்டுவார். ரிக்கிடோசான் உள்ளே பாய்ந்து, விரித்த கையால் மார்பில் வெட்டுவார். கராத்தே சாப். வெள்ளைக்கார ராட்சதர்கள் சரிவார்கள். பட்டம் அன்று கைமாறவில்லை. ஆனால் ஷிம்பாஷி ரயில் நிலையச் சதுக்கத்தில் மட்டும் சுமார் 20,000 பேர் ஒரே டிவியைப் பார்த்துக் கத்தினார்கள். போரில் தோற்று, ஏழு ஆண்டுகள் அந்நிய ராணுவத்தின் கீழ் இருந்த மக்களுக்கு அந்தக் காட்சி என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கர்களாகப் பார்க்கப்பட்ட ஷார்ப் சகோதரர்கள் உண்மையில் கனடாக்காரர்கள். ஜப்பானின் மானத்தைக் காத்தவர் கொரியர். 1956-ல் ரிக்கிடோசான் வேறொரு ஜோடியோடு சேர்ந்து அதே ஷார்ப் சகோதரர்களை வென்று, அந்தப் பட்டத்தையும் சில நாள் வைத்திருந்தார்.

ஜோடிக்கு நேர்ந்தது

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்படும். ஷார்ப் சகோதரர்களுடனான தொடரில் திரும்பத் திரும்பத் தோற்கும் வேலை கிமுராவுக்குத்தான் வந்தது. அவரோ 1951-ல் பிரேசிலுக்கே போய் ஹீலியோ கிரேசியை வீழ்த்தியவர். நிஜச் சண்டை என்றால் நானே பெரியவன் என்று பத்திரிகையில் சவால் விட்டார்.

1954 டிசம்பர் 22-ல் இருவரும் மோதினார்கள். கிமுரா பின்னாளில் சொன்னபடி, போட்டி சமனில் முடிய வேண்டும் என்பதே ஒப்பந்தம். ஆனால் நடுவில் ரிக்கிடோசான் நிஜமாகவே தாக்க ஆரம்பித்தார். கிமுரா ரத்தம் சிந்தி விழுந்தார். ஜப்பான் பட்டம் ரிக்கிடோசானுக்கு. ஒரே மூலையில் நின்று கை தொட்டுக்கொண்ட இருவரின் உறவு அங்கே முறிந்தது. தன் இடத்தை யாரோடும் பங்கு போட ரிக்கிடோசான் தயாராக இல்லை. இந்த முகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் கதை முழுமையாகும்.

ஆசியாவுக்கு ஒரு பெல்ட்

1955 நவம்பரில் டோக்கியோவில் ஆசியப் பட்டங்களுக்கான போட்டிகளை நடத்தினார். தனிநபர் பட்டம் ரிக்கிடோசானுக்கே. டேக் டீம் பட்டத்தை வென்றது கிங் காங், டைகர் ஜோகிந்தர் சிங் ஜோடி. தாரா சிங்கோடு மோதிய அதே கிங் காங்தான். உங்கள் தாத்தாவிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். இயற்பெயர் எமில் சாயா. ஐரோப்பாவின் ஹங்கேரி வம்சாவளி. ஜோகிந்தர் சிங் இந்தியர்.

அதாவது கொரியர் ஒருவர் ஜப்பானியராக நின்று நடத்திய போட்டியில், ஆசியாவின் முதல் டேக் டீம் பெல்ட்டை ஓர் ஐரோப்பியரும் ஓர் இந்தியரும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரிங்கில் யார் எந்த ஊர்க்காரர் என்பதைப் பிறந்த இடம் தீர்மானிக்கவில்லை, போஸ்டர்தான் தீர்மானித்தது.

1960-களில் டோயோநோபோரி என்ற வீரரோடு சேர்ந்து அந்தப் பட்டத்தை ரிக்கிடோசானும் வென்றார். மொத்தம் நான்கு முறை.

கடைசி ஆண்டு

1963-ல் அவர் புகழின் உச்சத்தில் இருந்தார். மே மாதம் டெஸ்ட்ராயர் என்ற முகமூடி வீரருடன் நடந்த போட்டிக்குக் கிடைத்த டிவி ரேட்டிங் 64 சதவீதம். அதே ஆண்டு ஜனவரியில் அவர் தென் கொரியாவுக்கும் போய் வந்திருந்தார். ஜப்பானில் அது பெரிய செய்தி ஆகாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கில். அங்கே போக வழியில்லை.

டிசம்பர் 8 இரவு, டோக்கியோவின் அகாசாகா பகுதி நைட்கிளப் ஒன்றில் யாகுசா கும்பலைச் சேர்ந்த ஒருவருடன் வாய்த்தகராறு. கைகலப்பில் வயிற்றில் கத்திக்குத்து. முதலில் பெரிய காயமாகத் தெரியவில்லை. வயிற்றுக்குள் தொற்று பரவி, டிசம்பர் 15-ல் இறந்தார். வயது 39.

இன்று அந்த பெல்ட்?

அவரிடம் பயிற்சி பெற்ற ஜயன்ட் பாபாவும் அன்டோனியோ இனோகியும் 1960 செப்டம்பர் 30-ல், ஒரே நாளில் அறிமுகமானவர்கள். பாபா 1964-ல் டோயோநோபோரியோடு சேர்ந்து ஆல் ஏஷியா பட்டத்தை வென்றார். ரிக்கிடோசானின் அமைப்பு 1973-ல் மூடப்பட்டது. பாபா தொடங்கிய ஆல் ஜப்பான் அமைப்பு 1976-ல் பட்டத்தை மீட்டெடுத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ரிக்கிடோசானின் கொரியப் பிறப்பு ஜப்பானில் பரவலாகத் தெரியவந்தது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். 1995 ஏப்ரலில் இனோகி வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த நிகழ்ச்சி நடத்தினார். தன் குருவின் மண் என்பதே அவர் அங்கே போனதற்கு முக்கியக் காரணம். கிம் சின்-ராக் ஊர் திரும்ப முடியவில்லை. 32 ஆண்டுகள் கழித்து, அவருக்காக அவருடைய சீடர் போனார்.