சட்டத்தையும் சைவத்தையும் காத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன்

கொழும்பு கொச்சிக்கடையிலே கருங்கற்கோயிலாக விளங்கும் பொன்னம்பலவாணேசுவரத்துக்குச் சென்று வழிபடாத சைவர் இலங்கையில் மிகச் சிலரே. அக்கோயிலை முதலிற் கட்டியவர் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியார். அவருடைய மைந்தராக 1851ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தவரே இராமநாதன் அவர்கள். தமையனார் குமாரசுவாமி, தம்பியார் சேர் அருணாசலம், தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி. சட்டமும் பொதுவாழ்வும் அக்குடும்பத்துக்குப் புதியனவல்ல.

கொழும்பிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பயின்ற இவர், சேர் றிச்சட் மோர்கனிடம் சட்டந் தேர்ந்து அட்வகேற்றாகித் தொழிலிற் புகழ் பெற்றார். சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் மறைந்தபோது சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி யார் என்ற கேள்வி எழுந்தது. நல்லூர் ஆறுமுகநாவலர் பெருமான் இராமநாதனையே ஆதரித்து முன்னின்றார். நாவலர் அவ்வாண்டு டிசம்பரிலே சிவபதமடைந்தார். அவர் ஈடுபட்ட இறுதிப் பொதுப்பணிகளுள் அதுவும் ஒன்று.

சபையிலே இவர் தமிழருக்காக மட்டும் வாதாடினாரல்லர். வெசாக் தினம் 1885இல் அரச விடுமுறையாவதற்கும் இவர் உழைத்தார். ஆயினும், சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் இவர் வெளியிட்ட கருத்து முஸ்லிம் மக்களின் மனத்தை வருத்தியது. அந்த வருத்தம் நெடுங்காலம் ஆறவில்லை.

1892இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவியேற்றார். சட்டமா அதிபருக்கு அடுத்த பதவி அது. அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுவதும் அரசின் சார்பில் வழக்காடுவதும் அதன் கடமைகள். சட்டமா அதிபராகவும் இடையிடையே கடமையாற்றினார். 1906 வரை அரச சேவையிலிருந்த காலத்திலும் யோகசாதனையையும் சாத்திர ஆராய்ச்சியையும் கைவிடவில்லை.

ஓய்வுபெற்றபின் தந்தையார் கட்டிய கோயிலைக் கருங்கல்லிலே புதிதாக அமைப்பித்தார். 1907இல் தொடங்கிய திருப்பணி 1912இல் நிறைவெய்தியது. இதற்கிடையே 1911இல், படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயொரு ஆசனத்துக்கு டாக்டர் மாக்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்துப் போட்டியிட்டு வென்றார். வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3000 பேர். அவர்களிற் பெரும்பாலார் சிங்களவர்.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. சிங்களத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். முடிக்குரிய சட்ட அதிகாரியாகப் பதினான்கு ஆண்டு பணியாற்றியவர், அந்த முடியின் பெயரால் நடந்த அநீதியைச் சபையிலே நேர்நின்று கண்டித்தார். சட்டத்தை உள்ளிருந்து அறிந்தவராதலால், அது எங்கே மீறப்பட்டது என்பதை அவரால் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்ட முடிந்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கப்பல்கள் கடலிலே மூழ்கடிக்கப்பட்டன. அறுபத்துநான்கு வயதைக் கடந்திருந்தும் இங்கிலாந்து சென்று முறையிட்டார். திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு இவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், திருநெல்வேலியில் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். சைவப் பெண்பிள்ளைகள் தம் சமயச் சூழலில் உயர்கல்வி பெற வழியின்றி இருந்த காலம் அது. 1921இலேயே சேர் பட்டமும் கிடைத்தது. பரமேசுவராக் கல்லூரி வளாகத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது.

டொனமூர் ஆணைக்குழு 1928இல் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது இவர் அதனை எதிர்த்தார். சிறுபான்மையினர் குரல் அமுங்கிவிடும் என்ற அச்சம் அதிலிருந்தது. படிப்பும் சொத்தும் இல்லாதோரிடம் வாக்குரிமையை ஒப்படைக்கத் தயங்கிய பழைய தலைமுறையின் மனப்பாங்கும் இருந்தது. அவ்வாக்குரிமை 1931இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 1930 நவம்பர் 26ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி மருதனார்மடத்தில், அவர் எழுப்பிய கல்லூரி வளவினுள்ளே உள்ளது.