வள்ளலார் பாடினார், நூலாக்கியது யார்?

வடலூர் வள்ளலாரை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் பாடிய திருவருட்பா எத்தனை முறை உருமாறி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

சிதம்பரத்துக்கு அருகே உள்ள சிற்றூர் மருதூர். அங்கே 1823-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி இராமலிங்கம் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இராமையா பிள்ளை காலமானார். தாய் சின்னம்மை பிள்ளைகளோடு ஊரை விட்டுப் புறப்பட்டார். கடைசியில் குடும்பம் சென்னையில் குடியேறியது. அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார். தம்பிக்கோ பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. கந்தகோட்டத்து முருகன் முன் நின்று பாடிக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய 35 வயதில் சென்னையை விட்டு, வடலூரை அடுத்த கருங்குழிக்கு வந்து தங்கினார். பாட்டுகள் பெருகின. அவற்றை அச்சிட மட்டும் அவருக்கு மனமில்லை.

ஒரு வேளைச் சாப்பாடு

இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் விடவில்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் உண்பது என்று விரதம் பூண்டார். பசித்தவரைக் கண்டால் துடிக்கும் வள்ளலார், தம்மால் ஒருவர் பசித்திருக்கப் பொறுப்பாரா? இசைந்தார். ஆனால் இராமலிங்கசாமி என்று பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது ஆடம்பரமாம்! கடிதங்களில் அவர் போட்ட கையெழுத்து சிதம்பரம் இராமலிங்கம் என்பதே.

மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தார். 1867-ல் முதல் நான்கு வெளிவந்தன. அதே ஆண்டு மே 23-ந் தேதி வடலூரில் தருமசாலை திறந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

மஞ்சக்குப்பம் கோர்ட்டு

நூல் வந்ததும் சண்டை வந்தது. தேவார, திருவாசகத்துக்கு உரிய அருட்பா என்ற பெயரை இதற்குச் சூட்டலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். சிதம்பரத்தில் வாய்ப்பேச்சு முற்றியது. 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் மான நஷ்ட வழக்காகி நின்றது. வள்ளலார் மீது குற்றம் நிற்கவில்லை. சண்டை மட்டும் இருவர் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை. இருவருமே சிவபக்தர்கள் என்பதுதான் வேதனை.

1874 ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அச்சில் அவர் கண்டது நான்கு திருமுறைகளே.

ஐந்தாம் திருமுறை 1880-ல் வந்தது. ஆறாம் திருமுறையை வெளியிட வேலாயுத முதலியார் முன்வரவில்லை. சாதி, சமய பேதங்களைச் சாடும் பாடல்கள் அதில்தான் இருந்தன. வேறு அன்பர்கள் 1885-ல் துணிந்து வெளியிட்டார்கள். வள்ளலாரின் முடிந்த முடிவு, பதினோரு ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது!

கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7, 10, 11 என்று வர வர, பழையதா புதியதா என்று வீட்டுப் பிள்ளைகள் வாதாடுவது போல, அருட்பா அன்பர்களும் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிட்டு வாதாடினார்கள். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை வள்ளலாரின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, 1931 முதல் 1958 வரை 12 புத்தகங்களாகக் கொண்டுவந்தார். ஒரு மனிதரின் 27 ஆண்டு உழைப்பு அது. 1972-ல் ஊரன் அடிகள் பாடல்களைக் காலமுறைப்படி அடுக்கினார். கந்தகோட்டத்துச் சிறுவன் எப்படி வடலூர் வள்ளலானார் என்பதை அதில் படிப்படியாகப் பார்க்கலாம்.