தோற்ற பிள்ளையைத் தாங்கியவர்கள்

தாம்பரத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பையன் ஒருவன் இங்கிலீஷிலே பெயிலாயிட்டான். கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன். கணக்கிலே 91 வாங்கியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணித மேதை ராமானுஜன் ஞாபகத்துக்கு வந்தார்.

1887-ல் ஈரோட்டில் பிறந்தவர். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. ஆனாலும் அங்கே கணித ஆசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரை ஒதுக்கவில்லை. கூடவே உட்கார்ந்து கஷ்டமான கணக்குகளைப் போட்டார். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. மேலதிகாரி நாராயண ஐயரும் ஊக்கப்படுத்தினார். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டமில்லாதவர்தானே என்று அவர் தள்ளிவிடவில்லை, அழைத்துக்கொண்டார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920-ல் 32 வயதிலேயே மறைந்தார்.

பாருங்கள், எத்தனை பேர் அந்த ஒருவரைத் தாங்கியிருக்கிறார்கள்!

மறுநாளே அந்தப் பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலில் அவன் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துப் பாராட்டினேன். இங்கிலீஷ் பாடத்தை அப்புறம்தான் எடுத்தோம். இப்போது மறுபடி பரீட்சை எழுதப்போகிறான்.

உங்கள் வீட்டிலும் மார்க் குறைந்த பிள்ளை உண்டா? திட்டுவதற்கு முன்னே, கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.